மேஸ்திரிக்கு ஒரு தரை

ஜூன் 4

சின்னவளுக்கு,

அத்தான் எழுதுவது. உன் அக்கா எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "கையெழுத்துப் போட்டது நீங்க, நீங்களே எழுதுங்க. நடுவுல நான் என்ன தபால்காரியா?" என்கிறாள். அதனால் நீயும் நானும் கடைசியாக வாசலில் நின்று பேசிக்கொண்ட பேச்சையெல்லாம் மூட்டை கட்டி ஓரமாக வைத்துவிட்டு இதைப் படி.

எனக்குச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது. உன் நாய்க்கு இடது முன்னங்காலை எடுத்துவிட்டார்கள்.

உயிரோடுதான் இருக்கிறது. அதை முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று உன் அக்கா தோளுக்குப் பின்னால் நின்று திட்டுகிறாள். சரி, எழுதிவிட்டேன்.

நொண்டிக்கொண்டே இருந்தது. சுளுக்கு என்று நினைத்தோம். நாய் டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தோள் எலும்பில் கட்டி என்றார். "காலை எடுத்தா நாய் மிஞ்சும். காலை விட்டுவெச்சா ரெண்டும் மிஞ்சாது. தள்ளிப் போடாதீங்க" என்றார். உன் முகாம் ஆபீசுக்குப் போன் போட்டேன். யாரோ ஒருவர் எடுத்து, நீ தண்ணீர் லாரியோடு மேலே போயிருக்கிறாய், பாதையில் மண் சரிந்து கிடக்கிறது, எப்போது இறங்குவாய் என்று சொல்ல முடியாது என்று சொல்லி வைத்துவிட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். கட்டி வேறு எங்கேயும் பரவவில்லையாம். காலோடு போய்விட்டது.

வீட்டுக்குக் கூட்டி வருகிறோம் என்றதும் ஊர்த் தரைக்கெல்லாம் பாலிஷ் போடுகிற என் மெஷினைக் கூடத்தில் போட்டு இன்னொரு சுற்று அடித்து, மேலே மெழுகும் ஏற்றிவிட்டேன். புண்ணில் தூசி படக்கூடாது பார். இப்போது என் தரையில் குனிந்தால் மீசையில் நரைத்த முடி எது என்று தனித்தனியாகத் தெரிகிறது. டாக்டரம்மாகூட அக்கறையாக, "வீட்ல தரை எப்படி?" என்று கேட்டார். "முதல் தரம் டாக்டர், யாரும் ஒரு குறை சொல்ல முடியாது" என்றேன். அவருக்கும் திருப்தி.

கோபப்படுவாய். படு. ஆனால் பதில் எழுது.

அத்தான்

&nbsp;

ஜூன் 11

அத்தான்,

காய்கறி வண்டியோடு உங்கள் கடிதம் வந்தது. இந்த மலையில் போன் சிக்னல் கிடையாது. ஆபீசில் இருக்கிற ஒரே போனும் பாறைக்கு வெடி வைக்கிறவர்கள் பேசுவதற்குத்தான். அதனால் கத்த வேண்டியதையெல்லாம் நான் எழுதித் தீர்க்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு நல்ல காலம். நேரில் இருந்திருந்தால் தெருவே கூடியிருக்கும்.

யாரைக் கேட்டு வெட்டச் சொன்னீர்கள்? மண் சரிந்தால் அள்ளிப் போடுவார்கள், நான் இறங்கி வந்திருப்பேன். வேறொரு டாக்டரிடம் காட்டியிருக்கலாம். சுளுக்கு என்று நீங்களாக நினைத்துக்கொண்டு எத்தனை நாளை வீணாக்கினீர்களோ, அதையும் எழுதவில்லை.

உன் நாய், உன் நாய் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளுக்குப் பெயர் இருக்கிறது. நான் லாரி ஓட்டிய இடமெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, பள்ளம் தோண்டுகிறவர்களை முறைத்து முறைத்தே வேலை வாங்கியவள். மேஸ்திரி என்று பெயர் வைத்ததே அந்த ஆட்கள்தான். ஒருவர் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தால் கண்ணாடி வழியாகக் குரைப்பாள்.

உங்களை எனக்குத் தெரியாதா? வேலையில்லாமல் அவளோடு வந்து நின்றவளை, "நாய் நகம் பட்டா என் தரை என்னாகும்?" என்று வாசலிலேயே நிறுத்தியவர் நீங்கள். "உங்க தரையை நீங்களே கட்டிக்கிட்டுப் படுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனவள் நான். இந்த முகாமில் நாய்க்கு அனுமதி இல்லை. வேறு போக்கிடம் இல்லாமல்தான் அக்கா கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு, வாசற்படி ஏறாமலே வந்தேன். நான்கு காலோடு கொடுத்தேன் அத்தான்.

இன்னும் இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். சமையல்காரம்மா அடுப்பு மூட்ட எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மேஸ்திரி எப்போதும் இடது பக்கம் சாய்ந்துதான் படுப்பாள். இப்போது எப்படிப் படுக்கிறாள்? அதையாவது எழுதுங்கள்.

சின்னவள்

&nbsp;

ஜூன் 16

சின்னவளுக்கு,

வலது பக்கம் சாய்ந்து படுக்கிறது. முதலில் அதை எழுதிவிட்டேன்.

நீ திட்டியதைப் படித்தேன். உன் அக்காவும் படித்தாள். "அவ வாய் அப்படி, மனசுல ஒண்ணும் இருக்காது" என்றாள். மனசில் இருப்பதைத்தானே எழுதியிருக்கிறாள் என்று நான் கேட்டதும் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். இருக்கட்டும். இப்போது அதற்கு நேரமில்லை.

புண் ஆறிவிட்டது. தையலும் பிரித்தாயிற்று. ஆனால் மேஸ்திரி நடக்கவில்லை. வாசல் கதவுக்குப் பக்கத்தில் கால்மிதி கிடக்கிறதே, அதன் மேலேயே படுத்துக் கிடக்கிறது. கூப்பிட்டால் எழுந்து நிற்கிறது, ஒரு அடி வைக்கிறது, நடுங்குகிறது, திரும்பப் போய் கால்மிதியில் விழுகிறது. சாப்பாட்டைக் கூடத்தின் அந்தக் கோடியில் வைத்தால் பட்டினி கிடக்கிறதே தவிர வருவதில்லை. உன் அக்கா சொல்வது, உனக்காகத்தான் வாசலிலேயே கிடக்கிறதாம். "ஏங்கிப் போயிட்டா" என்று சொல்லிச் சொல்லி இருக்கிற இடத்துக்கே கொண்டுபோய் ஊட்டுகிறாள். மாடி வீட்டுக்காரர், பால் போடுகிறவர், என் வேலையாட்கள், வருகிறவர்கள் எல்லாம் ஐயோ பாவம் என்று ஆளுக்கொரு பிஸ்கட். உடம்பு ஊதிக்கொண்டே போகிறது.

கவலை அதுவல்ல. மிச்சமிருக்கிற முன்னங்காலின் மணிக்கட்டு நிற்கும்போது அப்படியே மடங்கித் தரையைத் தொடுகிறது. வீங்கியும் இருக்கிறது. டாக்டரம்மா தொட்டுப் பார்த்ததும் கத்தியது. அவர் என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "நாய்க்கு உடம்பு பாரம் பாதிக்கு மேல முன்பக்கம்தான். ரெண்டு கால் சுமந்ததை இப்ப ஒண்ணே ஒண்ணு சுமக்குது. இதுவும் போச்சுன்னா அவளால நிக்கவே முடியாது. அப்புறம் வலியில்லாம அனுப்பி வைக்கிறதைப் பத்திப் பேச வேண்டி வரும்." மணிக்கட்டுக்கு ஒரு பட்டை கட்டி, அடுத்த மாதம் வரை பார்ப்போம் என்று அனுப்பினார்.

எப்படியாவது லீவு சொல்லிவிட்டு வா. வந்து நீ முடிவு சொல். அந்தக் காகிதத்தில் நான் இன்னொரு கையெழுத்துப் போட மாட்டேன். என் கை வராது.

அத்தான்

&nbsp;

ஜூன் 21

அத்தான்,

போடாதீர்கள். யார் நீட்டினாலும் போடாதீர்கள்.

என்னால் வர முடியாது. மேலே சுரங்கம் குடைகிறவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர் என் லாரியில்தான் போகிறது. இன்னொரு டிரைவர் காய்ச்சலில் கிடக்கிறார். மேலாளரிடம் போய் நாய்க்கு உடம்பு சரியில்லை என்றேன். சிரிக்கவில்லை, அதுவே பெரிது. ஆனால் விடவும் இல்லை.

இரண்டு நாளாக யோசித்துக்கொண்டே ஓட்டுகிறேன். லாரியில் ஒரு டயர் மட்டும் சீக்கிரம் தேய்ந்தால் டயரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டோம். எவ்வளவு பாரம் ஏற்றினோம், எந்த ரோட்டில் ஓட்டினோம் என்று பார்ப்போம். அதனால் நான் கேட்பதற்குக் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். கால்மிதியைத் தவிர வேறு எங்கேயாவது அவள் நடக்கிறாளா? ஒன்றுக்குப் போக வெளியே கொண்டுபோகிறீர்களே, மண்ணில் எப்படி நிற்கிறாள்? நகம் வெட்டினீர்களா? நகம் வளர்ந்தால் பாதம் சரியாகப் பதியாது. பாதத்துக்கு அடியில் விரல் நடுவில் முடி வளரும், அதையும் கத்தரிக்க வேண்டும்.

பிஸ்கட்டை இன்றோடு நிறுத்துங்கள். பாவம் பார்த்துப் போடுகிற ஒவ்வொரு பிஸ்கட்டும் அந்த ஒரு காலில்தான் இறங்குகிறது. மாடி வீட்டுக்காரருக்கு அவ்வளவு இரக்கம் இருந்தால் பிஸ்கட் காசை டாக்டரம்மா பில்லுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஏங்கிப்போய்க் கிடக்கிறாள் என்று அக்கா சொல்வதை நான் நம்பவில்லை. நான் பக்கத்தில் இல்லையென்றால் மேஸ்திரி கோபப்படுவாள், செருப்பைக் கடித்து வைப்பாள். சாப்பாட்டை விட்டுவிட்டு மூலையில் கிடக்கிறவள் அவள் இல்லை. அவள் எதற்கோ பயப்படுகிறாள் அத்தான். எதற்கு என்று கண்டுபிடியுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். நான் கெஞ்சி நீங்கள் பார்த்ததில்லை, இப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னவள்

&nbsp;

ஜூன் 27

சின்னவளுக்கு,

கண்டுபிடித்துவிட்டேன். சிரிக்காமல் படிப்பதாக இருந்தால் மேலே படி.

உன் அக்காவுக்கு ஆபீசில் தணிக்கை. வீட்டில் ஆள் இல்லை. அதனால் மேஸ்திரியைத் தூக்கி வேனில் வைத்து வேலை நடக்கிற இடத்துக்குக் கொண்டுபோனேன். புதுக்கட்டடம். கீழே சொரசொரப்பான சிமென்ட் பூச்சு மட்டும்தான் ஆகியிருக்கிறது, நாங்கள் இனிமேல்தான் கல் பதிக்க வேண்டும். ஒரு ஓரமாகச் சாக்கு விரித்து இறக்கி விட்டேன். கொஞ்ச நேரம் மோப்பம் பிடித்தாள். அப்புறம் எழுந்தாள். தத்தித் தத்தி ஒரு சுற்று வந்தாள். கலவை போடுகிறவரிடம் போய் நின்று முறைத்தாள். அங்கிருந்து அடுத்த அறை. அங்கே ஒருவன் சுவரில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான், அவனைப் பார்த்துக் குரைத்தாள்! எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "மேஸ்திரி, மேஸ்திரி!" என்று கத்தினேன். எங்கள் மேஸ்திரி கரண்டியைப் போட்டுவிட்டு, "என்னண்ணே, இங்கதான இருக்கேன், எதுக்கு அலறுறீங்க?" என்று ஓடி வந்தார். அவர் சாப்பாட்டிலும் பாதியை அவள் தின்றுவிட்டிருந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். வாசலில் இறக்கி விட்டேன். கால்மிதி வரை ஜோராக வந்தாள். அதற்கு மேல் ஒரு அடி இல்லை. கல்லாய் நின்றுவிட்டாள். பின்னாலிருந்து லேசாகத் தள்ளினேன். முன்னங்கால் முன்னால் ஓடுகிறது, பின்னங்கால் இரண்டும் ஆளுக்கொரு திசையில் போகிறது. வயிறு தரையில் பட்டு விழுந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள் பார், அந்தப் பார்வையை நான் மறக்கப்போவதில்லை.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. என் தரையில் குறையிருக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? உன் அக்காதான், "நீங்க செருப்புல்லாம் கழட்டிட்டு, காலுறை போட்டுக்கிட்டு, ஒரு கையைப் பின்னால கட்டிக்கிட்டு நடந்து பாருங்க" என்றாள். நடந்தேன். சோபாவைத் தாண்டவில்லை. தொப்பென்று விழுந்தேன். இடுப்பு இன்னும் வலிக்கிறது. உன் அக்கா முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள், அப்புறம் எனக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள்.

என் தரைதான். நான் பார்த்துப் பார்த்துப் போட்ட தரை. தூசி படக்கூடாது, தூசி படக்கூடாது என்று வாரா வாரம் மெழுகு வேறு ஏற்றினேன். ஒவ்வொரு தடவை அவள் எழுந்து நிற்கும்போதும் வழுக்காமல் இருக்க அந்த ஒற்றைக் காலால் பிடித்துப் பிடித்துத்தான் மணிக்கட்டு போயிருக்கிறது. டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "ஐயா, நான் தரை எப்படின்னு கேட்டது வழுக்குமான்னு தெரிஞ்சுக்க" என்றார். "அதுல குறையே சொல்ல முடியாதுன்னு சொன்னீங்களே!" என்றும் கேட்டார். "குறை இல்லைதானேம்மா, கண்ணாடி கணக்கா இருக்கும்" என்றேன். தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் போனிலேயே கேட்டது.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. நீ எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

அத்தான்

&nbsp;

ஜூலை 3

அத்தான்,

லாரிக்குள் உட்கார்ந்து படித்தேன். சிரித்ததில் ஹார்ன் மேல் கை பட்டு, வெடி வைக்கப் போகிறார்களோ என்று கீழே ஆட்கள் ஓட ஆரம்பித்துவிட்டார்கள். மேலாளர் கூப்பிட்டு விசாரித்தார். என் அத்தான் காலுறையோடு வழுக்கி விழுந்துவிட்டார் என்றேன். அதற்கா இவ்வளவு சந்தோஷம் என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வேண்டுமென்று செய்தீர்கள் என்று நான் எழுதுவேன் என்றா நினைத்தீர்கள்? உங்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பு வந்திருக்காது. ஒரு நாய்க்காக வாரா வாரம் மெழுகு போட்டவரை நான் என்னவென்று திட்டுவது? முதல் கடிதத்தில் கொட்டியதையெல்லாம் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தக் கையெழுத்தை நீங்கள் அன்றைக்குப் போடாமல் இருந்திருந்தால் இன்றைக்கு வீட்டுத் தரையைப் பற்றிப் பேச மேஸ்திரியே இருந்திருக்க மாட்டாள். அதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது: கூடம் முழுவதும் ரப்பர் பாய் விரியுங்கள். சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைக்காதீர்கள். குனிந்தால் பாரம் முழுவதும் முன்னங்காலுக்குத்தான் வரும், அவள் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பெட்டி மேல் வையுங்கள். வேனிலிருந்து குதிக்க விடாதீர்கள், பலகை சாய்த்துப் போடுங்கள். ஒரேயடியாக ரொம்ப தூரம் நடத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை நடத்துங்கள். பின்னங்கால்கள் பலப்பட்டால் முன்னங்காலுக்குச் சுமை குறையும், அதற்கு லேசான மேட்டில் ஏற்றிக் கூட்டிப்போவது நல்லது. இதெல்லாம் என் புத்தி இல்லை. முகாம் டாக்டரைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டது. மனுஷ டாக்டர்தான், ஆனாலும் எங்கேயோ எழுதிக் கேட்டுச் சொன்னார்.

செப்டம்பரில் இங்கே வேலை முடிகிறது. கீழே டவுனில் அடுத்த லாரி வேலையும் ஒரு வாடகை அறையும் பேசி வைத்திருக்கிறேன். வந்து அவளை அழைத்துக்கொண்டு போய்விடுகிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு உங்கள் தரையில் நீங்கள் முகம் பார்க்கலாம்.

சின்னவள்

&nbsp;

ஆகஸ்ட் 9

சின்னவளுக்கு,

நடுவில் எழுதவில்லை. டாக்டரம்மா பார்த்துச் சொல்லட்டும், நல்லதோ கெட்டதோ உறுதியாக எழுதலாம் என்று இருந்தேன். நேற்றுப் போய் வந்தோம்.

மணிக்கட்டு நிமிர்ந்துவிட்டது. வீக்கம் இல்லை. அழுத்திப் பார்த்தார், கத்தவில்லை, டாக்டரம்மா மூக்கை நக்கினாள். எடையும் குறைந்திருக்கிறது. "அன்னைக்கு நான் சொன்ன பேச்சை மறந்துடுங்க. இந்தக் கால் தாங்கும். பட்டையைக்கூட வெளியே போறப்ப மட்டும் கட்டினா போதும்" என்றார். வெளியே வந்து வேனில் உட்கார்ந்தேன். சாவியைப் போட்டேன், திருப்பவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். மனசு அவ்வளவு லேசாகிவிட்டது.

பாய் விஷயம் சொல்ல வேண்டும். நீ எழுதியபடி ரப்பர் பாய் வாங்கி விரித்தேன். மெழுகு மேல் பாயும் வழுக்கியது. மேஸ்திரி ஏறினால் பாயோடு சேர்ந்து சுவர் வரை போகிறாள். ஒட்டுப் போட்டால் மெழுகில் ஒட்டவில்லை. என்ன செய்ய? ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன் அக்கா கடைக்குப் போன நேரம் பார்த்து, மெஷினை உள்ளே கொண்டுவந்தேன். முதல் சுற்றுக்குப் போடுவோமே, கரடான கல், அதை மாட்டினேன்.

சுவிட்சைப் போடக் கை வரவில்லை என்பது உண்மை. பாலிஷ் போட வேண்டியவன் பாலிஷை எடுப்பது உனக்குப் புரியாது. கல்யாணமாகி வந்ததிலிருந்து உன் அக்காகூட அந்தத் தரையில் ஈரக்காலோடு நடந்ததில்லை. வாடிக்கைக்காரர்களை அங்கேதான் கூட்டி வந்து காட்டுவேன், வேறு சாம்பிள் எதுவும் காட்ட வேண்டியதில்லை. அப்புறம் போட்டுவிட்டேன். கால்மிதியில் தொடங்கி, சோபாவைச் சுற்றி, சமையலறை வரை. என் முகம் தெரிந்த இடமெல்லாம் வெள்ளையாகப் போனது. உன் அக்கா திரும்பி வந்து தூசிக்குள் என்னைப் பார்த்து, "ஐயையோ, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று பையைக் கீழே போட்டுவிட்டாள்.

துடைத்து முடித்து மெஷினை நிறுத்தினேன். மேஸ்திரி கால்மிதியிலிருந்து காலை எடுத்து வைத்தாள். பாதம் பதிந்தது. இன்னொன்று. நேராகச் சமையலறைக்குப் போனாள், போய்த் தட்டுக்கு முன்னால் நின்று எங்களைப் பார்த்துக் குரைத்தாள். எங்கே சாப்பாடு என்கிற குரைப்பு. உன் அக்கா என் தோளில் ஒரு அடி வைத்தாள். பாராட்டா என்று தெரியவில்லை, வலித்தது.

ஒரு வாடிக்கைக்காரர் போன வாரம் தரை பார்க்க வந்தார். பார்த்துவிட்டு, "என்னங்க, உங்க வீட்டுத் தரையே இப்படிக் கிடக்குது?" என்றார். எங்க வீட்டு நாய்க்கு வழுக்குது, அதனால் நானேதான் எடுத்தேன் என்றேன். சரி என்று எழுந்து போனவர்தான், வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். போனால் போகட்டும்.

செப்டம்பரில் கூட்டிப்போவதாக எழுதியிருந்தாய். தாராளமாகக் கூட்டிப் போ. உன் பிள்ளை. ஆனால் சில விஷயம் தெரிந்துகொண்டு போ. உன் லாரி கேபின் படி என் இடுப்பு உயரம். அதிலிருந்து ஒரு தடவை குதித்தாலும் உடம்பு முழுவதும் அந்த ஒற்றை முன்னங்கால் மேல்தான் விழும். நீ தூக்கி இறக்குவாய், சரி. நீ டீ குடிக்கப் போன நேரம் யாரையாவது பார்த்துக் குதித்தால்? உன் வாடகை அறை எத்தனையாவது மாடி? லிஃப்ட் உண்டா? அங்கே தரை என்ன தரை? பளபளவென்று இருந்தால் வீட்டுக்காரரிடம் கேட்டு வை, நான் வேண்டுமானால் வந்து தேய்த்துக் கொடுக்கிறேன். நகம் வெட்டும்போது பின்னங்காலில் தொடங்கு, முன்னங்காலைத் தொட்டால் இழுத்துக்கொள்வாள், அப்போது "வேலை பாக்குறானா பாரு" என்று வெளியே கையைக் காட்டினால் திரும்பிப் பார்ப்பாள், அந்த நேரம் வெட்டிவிடலாம். மழை நாளில் மணிக்கட்டைக் கொஞ்சம் பிடித்துவிட வேண்டும், மேலிருந்து கீழே, அழுத்தாமல். எல்லாம் உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதினேன். வேறொன்றும் இல்லை.

அத்தான்

&nbsp;

ஆகஸ்ட் 16

அத்தான்,

கேட்க வேண்டியதைக் கேட்காமல் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். டாக்டரம்மா சொன்னதைப் படித்ததும் லாரியை ஓரம் கட்டிவிட்டேன். இரண்டு மாதமாக ஒவ்வொரு காய்கறி வண்டியையும் பார்க்கும்போது கெட்ட சேதி வராமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொள்வேன். இனி வேண்ட வேண்டியதில்லை. சமையல்காரம்மா, "என்னடி, வாயெல்லாம் பல்லா இருக்கு, கல்யாணமா?" என்று கேட்டார். இன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

அப்புறம் கேபினிலிருந்து இறங்கி, படியில் கையை வைத்து உயரம் பார்த்தேன். உங்கள் இடுப்புதான், என் நெஞ்சு. என் அறை நான்காவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, ஓடினதில்லை. தரை வழவழ கல். நான் லாரியில் போனால் அவள் மாடியில் தனியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கேபினில் ஏறி இறங்க வேண்டும். எப்படிக் கூட்டிப் பெருக்கினாலும் அந்தக் காலுக்கு நல்லதாக ஒரு கணக்கும் வரவில்லை.

பக்கத்து சீட்டு காலியாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை அத்தான். வளைவில் திருப்பும்போது அவள் விழுந்துவிடக் கூடாது என்று இடது கையை நீட்டுவேன். இப்போதும் நீட்டுகிறேன், அங்கே தண்ணீர் பாட்டில்தான் இருக்கிறது. அவளில்லாமல் ஓட்டுவது கஷ்டமாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். அவள் வலியில்லாமல் நடக்கிற இடம் ஒன்றுதான் இருக்கிறது, அதை நீங்கள்தான் உண்டாக்கி வைத்திருக்கிறீர்கள்.

மேஸ்திரி உங்களிடமே இருக்கட்டும். நான் கேட்கிறேன், நீங்கள் கேட்டதாக இருக்க வேண்டாம். உங்கள் கௌரவம் எனக்குத் தெரியும்.

அவளைப் பார்க்க நான் வரலாமா? வாசலோடு நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவேன்.

சின்னவள்

&nbsp;

ஆகஸ்ட் 23

சின்னவளுக்கு,

வாசலோடு நிற்பாளாம்! உன் அக்கா இதைப் படித்துவிட்டு உன்னை என்னவெல்லாம் சொன்னாள் என்று எழுதினால் தபால்காரர் காகிதத்தைத் தொட மாட்டார். என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள். அன்றைக்கு வாசலில் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. பேசிவிட்டேன். நீ நாயோடு வந்தாலும் சரி, லாரியோடு வந்தாலும் சரி, உள்ளே வர வேண்டும். கூடத்தில் உனக்குப் படுக்கை போட்டாயிற்று. மீதித் தரையையும் தேய்த்துவிட்டேன், பாதி பளபளப்பு பாதி கரடு பார்க்கச் சகிக்கவில்லை.

மேஸ்திரி இங்கேயே இருக்கட்டும் என்று நீ எழுதியதை வேலை நடக்கிற இடத்தில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு மெஷினை எடுத்து, ஏற்கெனவே பாலிஷ் போட்டு முடித்த அறைக்கே இன்னொரு தடவை போட்டுவிட்டேன். எங்கள் மேஸ்திரி வந்து, "அண்ணே, இது முடிஞ்சு போன ரூமு, உங்களுக்கு என்ன கனவா?" என்றார். நான் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். இவ்வளவுதான் எனக்கு எழுத வரும்.

இன்று காலை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நான் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் சமையலறையில் உன் அக்காவை வேலை வாங்கிக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு தண்ணீர் லாரி வந்தது. அந்தச் சத்தம்தான் தாமதம். சமையலறையிலிருந்து கூடத்தைத் தாண்டி வாசலுக்கு ஓடினாள். தத்தித் தத்தி இல்லை, ஓடினாள் சின்னவளே, காது பின்னால் பறக்க. எனக்கு உயிரே போய்விட்டது. அவ்வளவு வேகத்தில் வந்து எப்படி நிற்கப்போகிறாள், அந்த ஒற்றைக் காலால் எப்படிப் பிடிக்கப்போகிறாள் என்று நான் எழுந்து கையை நீட்டுவதற்குள், வாசற்படிக்கு ஒரு சாண் முன்னால் சட்டென்று நின்றாள். வழுக்கவில்லை. மணிக்கட்டு மடங்கவில்லை. கம்பீரமாக நின்று தெருவைப் பார்த்தாள்.

லாரி போய்விட்டது. உன் லாரி இல்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"வருவா" என்றேன். வாலை ஆட்டிவிட்டு, அங்கேயே, வெறும் தரையில் படுத்துக்கொண்டாள். என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

அத்தான்